பஷீர் பெட்டியில் ஐஸ் நிற்பதில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தேன். சமைத்தது போக மிச்சத்தை வைக்கலாம் என்று ஃப்ரீசரைத் திறந்தால், கை நுழைய இடமில்லை.

தூக்குச்சட்டி. பிஸ்கட் டப்பா. பழைய ஐஸ்கிரீம் டப்பா. பெயின்ட் வாளி மாதிரி ஒன்று... கழுவி இருப்பார்கள் என்று நம்புகிறேன். எல்லாவற்றிலும் தண்ணீர். பாதி உறைந்தும் உறையாமலும்.

"யாரு வேலை இது?" என்று கத்தினேன்.

நான் சும்மா பேசினாலே கத்துவது போல்தான் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். புதிதாகப் படிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படிக்கவும்.

என் மனைவி வசந்தா அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "பக்கத்து வூட்டு பஷீர் தம்பி வச்சிருக்கு. அவங்க ஃப்ரீசர் ரொம்பிப் போச்சாம்."

"அதுக்கு?"

"நம்மளுது காலியாத்தான கெடந்துச்சு."

"எதுக்கு இவ்ளோ ஐஸு? வூட்ல விசேஷமா?"

"இல்லைங்க. போட்டுக்காம்."

போட்டுக்கா? பெரம்பலூரில் ஏது போட்? இங்கே ஏரிக்குள் பாதி வருஷம் ஆடு மேய்கிறது. அரியலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். சுண்ணாம்புக் கல்லைத் தோண்டினால் சிப்பி வருகிறது, சங்கு வருகிறது. அந்தக் கடல் போய் எத்தனையோ யுகம் ஆகிவிட்டது. அது திரும்பி வருவதாக எனக்குத் தகவல் ஏதும் இல்லை.

மீன் பையோடு அப்படியே பக்கத்து வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன்.

பஷீர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பிள்ளைகள் படிப்புக்காக எங்கள் தெருவில் வீடு எடுத்திருக்கிறார். மனைவி நசீமாவும் பிள்ளைகளும் இங்கே, இவர் வளைகுடாவில். அங்கே ஒரு பெரிய பணக்காரருக்குச் சொந்தமான உல்லாசப் படகில் வேலை. லீவில் வந்திருந்தார். நல்ல மனுஷன். என்னை எதிர்த்துப் பேசாத ஒரே பக்கத்து வீட்டுக்காரர். அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

போனபோது, வாசலில் ஒரு பெரிய நீலப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். சுற்றிலும் ஐஸ் கட்டி, ஈரத் துண்டு, சாக்கு.

"ஏம்ப்பா பஷீரு, என் மீனு என்ன பாவம் பண்ணுச்சு?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. ரெண்டே நாளு. இந்த ஐஸைக் கரையாம நிறுத்தலைன்னா எனக்கு அங்க வேலை இல்லை."

கோபத்தைப் பாதியில் நிறுத்துவது, ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்துவது மாதிரி. பின்னால் உருளும். இருந்தாலும் நிறுத்தினேன். உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது.

விஷயம் இதுதான். அந்தப் படகில் பஷீருக்கு விருந்தாளிகளைக் கவனிக்கிற வேலை. முதலாளி வாராவாரம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடலுக்குப் போவார். ஏதாவது ஒரு இடத்தில் நங்கூரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார். சாராயம் கீராயம் கிடையாது. எலுமிச்சை ஜூஸ், புதினா ஜூஸ், மாதுளை ஜூஸ். ஆனால் டம்ளர் நிறைய ஐஸ் வேண்டும். பாலைவனத்து வெயிலில் ஐஸ் இல்லாத ஜூஸைக் கொடுத்தால் விருந்தாளிகள் அதை மருந்து போலப் பார்க்கிறார்களாம்.

பஷீர் பொறுப்பில் ஐஸ் பெட்டி. அதில் ஐஸ் ஒரு தடவைகூட கடைசி வரை நின்றதில்லை. மறுநாள் மத்தியானமே வெறும் தண்ணீர். மேனேஜர் லீவுக்கு அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: திரும்பி வந்ததும் முதல் பயணத்தில் ஐஸ் தீர்ந்தால், அத்தோடு ஊருக்குக் கிளம்பலாம். அந்த இடத்துக்கு வேறு ஆள் ரெடி.

"ஏன், படகுல ஐஸ் மெஷின் இல்லியா?"

"இருக்குண்ணே. அதுக்கு ஜெனரேட்டர் ஓடணும். நங்கூரம் போட்டதும் முதலாளி ஜெனரேட்டரை அமத்தச் சொல்லிடுவாரு. அவருக்குச் சத்தம் ஆகாது."

"சத்தம் ஆகாதவன் எதுக்கு மெஷின் வாங்குனான்?"

"அத நான் கேக்க முடியுமாண்ணே?"

"சரி, சுத்தியும் தண்ணி. ஐஸுக்குத் தண்ணியா பஞ்சம்?"

"அது உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணி உறையாதா?"

"உறையும். ஜூஸ்ல போட்டுக் குடுத்தா நீங்க குடிப்பீங்களா?"

குடிக்க மாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு மனிதன் கடலுக்கு நடுவில் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறான். வேப்பந்தட்டை பக்கம் மானாவாரிக் காட்டில் நிற்கிறவன் மழைக்கு வானத்தைப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? கடல்காரனுக்குக் கண்ணெதிரே தண்ணீர் இருக்கிறது. அது இன்னும் எரிச்சல்.

ஆக, கரையிலேயே நல்ல தண்ணீரில் ஐஸ் செய்து, பெட்டியில் ஏற்றிப் போய், கரை திரும்பும் வரை காப்பாற்ற வேண்டும். அதற்குத்தான் இங்கே ஒத்திகை. எங்கள் ஊர் கத்திரி வெயிலில் நின்றால் எங்கேயும் நிற்கும் என்பது பஷீரின் கணக்கு. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

மீனை வாங்கிக்கொண்டு போய் நசீமா வறுத்துக் கொடுத்தது தனிக்கதை. அன்றிலிருந்து நானும் ஐஸில் இறங்கிவிட்டேன்.

ஐஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெரம்பலூரில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! ஐஸ் கம்பெனிக்காரர், "சின்னக் கட்டி சீக்கிரம் கரையும். பெரிய கட்டியா வைங்க, வேணும்போது ஒடச்சுக்கங்க" என்றார். சரி. மீன்காரர், "கரையுற தண்ணியை வடிச்சுக்கிட்டே இருங்க, இல்லன்னா ஐஸைத் தின்னுடும்" என்றார். சரி. பஷீரின் செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர், அந்தத் தண்ணீரை வடிக்கவே கூடாது, அந்தக் குளிர்ச்சிதான் ஐஸைக் காப்பாற்றுகிறது என்றார். யார் சொல்வது சரி?

"குடிக்கிற ஐஸ் தண்ணியில மெதக்கக் கூடாதுண்ணே, அசிங்கம். நான் வடிச்சிடறேன்" என்றார் பஷீர்.

"வடிச்சா கரையுமே?"

"வடிக்கலன்னாலும் கரையுது."

இப்படியே போனது பேச்சு. பெட்டியை முதல் நாளே ஐஸ் போட்டுக் குளிர வைக்க வேண்டுமாம். சூடான பெட்டியில் ஐஸ் வைப்பது, காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றுவது போல. பெட்டி முதலில் தன் பங்கைக் குடித்துவிடும். குடிக்கிற ஐஸுக்கு ஒரு பெட்டி, ஜூஸ் பாட்டிலுக்கு இன்னொரு பெட்டி. இடுக்கு இல்லாமல் அடுக்க வேண்டும். மேலே துண்டு போட்டு மூட வேண்டும். கையை விடக்கூடாது, கரண்டிதான். எல்லாவற்றையும் பஷீர் சரியாகச் செய்தார். நான் கூடவே நின்று குறை சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்தோம்.

தண்ணீர். நடுவில் எலுமிச்சை அளவில் இரண்டு கட்டி.

பஷீர் அந்த இரண்டு கட்டியையும் கரண்டியால் தள்ளிப் பார்த்தார். நசீமாதான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அடுத்த வருஷம் ஸ்கூலு மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மீது? ஐஸ் மீதா? பெட்டியை விற்றவன் மீதா? ஒன்றும் புரியாத கோபத்துக்கு வேகம் அதிகம். "இன்னொரு தடவை ரொப்பு. இந்தத் தடவை நான் இங்கயே உக்காரப் போறேன். எப்படிக் கரையுதுன்னு பாத்துடறேன்" என்றேன்.

உட்கார்ந்தேன். நாற்காலி போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில், பேப்பரோடு.

முதலில் வந்தது கேஸ் சிலிண்டர் போடுகிறவர். சிலிண்டரை இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்தார். பஷீர் எழுந்தார். பெட்டியைத் திறந்தார். கட்டியை உடைத்தார். நன்னாரி சர்பத் கலந்தார். டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொடுத்தார்.

நான் பேப்பரை இறக்கினேன்.

அடுத்து, கரன்ட் ரீடிங் எடுக்க வந்தவர். சர்பத். அடுத்து, லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஏதோ சாமான் கொண்டுவந்த சொந்தக்காரர். சர்பத். அவரோடு வந்த ஆட்டோக்காரர். சர்பத். தப்பான வீட்டுக்கு வந்து வழி கேட்டவர். அவருக்கும் சர்பத்! ஒவ்வொரு தடவையும் மூடி முழுசாகத் திறக்கிறது. வெயில் உள்ளே போய் உட்காருகிறது. வந்தவரிடம் நலம் விசாரிக்கிறார் பஷீர்... மூடி திறந்தே இருக்கிறது.

"ஏம்ப்பா பஷீரு."

"சொல்லுங்கண்ணே. உங்களுக்கும் போடவா?"

"போடு." போட்டார். குடித்தேன். குடித்துவிட்டுக் கேட்டேன். "படகுலயும் இப்படித்தானா?"

"எப்படிண்ணே?"

"வர்றவன் போறவனுக்கெல்லாம் இப்படித்தான் குடுப்பியா?"

யோசித்தார். "வர்றவங்கன்னா... பக்கத்து போட்டுப் பசங்க கப்பை நீட்டுவாங்க. ஹார்பர் வாட்ச்மேன் வருவாரு. மீன் புடிக்கறவங்க ஒட்டிக்கிட்டு வந்து கேப்பாங்க. எஞ்சின் ரூம்ல இருக்கறவங்க வெந்துபோய் ஏறி வருவாங்க. கொஞ்சம் கொஞ்சந்தாண்ணே..."

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன்.

"ஐஸு கரையவே இல்லப்பா! நீ குடுத்து ஒழிச்சிருக்க!"

"கேட்டவங்களுக்கு எப்படிண்ணே இல்லைன்னு சொல்றது? அதுவும் தண்ணி விஷயத்துல. எங்க வூட்ல அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லைண்ணே. கேக்காதவங்களுக்கே குடுப்போம்."

உண்மைதான். நசீமா வீட்டுக்குப் போய் எதையும் குடிக்காமல் வெளியே வந்த ஆளை நான் பார்த்ததில்லை. சண்டைக்குப் போன எனக்கே மீன் வறுத்துக் கொடுத்த வீடு. பெரிய கட்டி, சின்னக் கட்டி, வடிப்பது, வடிக்காமல் விடுவது... இத்தனை ஆராய்ச்சியும் வீண். ஓட்டை பெட்டியில் இல்லை.

இல்லை என்று சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு. சில்லறை இல்லை. சீட்டு இல்லை. அங்கே நிற்காது. இந்த மூன்றையும் சொல்லியே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். "வா, நான் சொல்லித் தரேன்" என்றேன்.

அடுத்த ஒத்திகையை ரோட்டில் வைத்தோம். படகு ஆடும், பெட்டியும் ஆடும், நின்ற இடத்தில் ஐஸைக் காப்பாற்றினால் போதாது என்றார் பஷீர். ஆட்டத்துக்கு அரியலூர் ரோட்டை விட்டால் வேறு எது? சிமென்ட் லாரி ஓடி ஓடி அலை அலையாகக் கிடக்கிறது. பஷீரின் மச்சான் ஒரு லோடு வேன் வைத்திருந்தார். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வசந்தா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே வண்டியில் இரண்டு வேலை. அவள் முன்னால், டிரைவர் பக்கத்தில். பெட்டியோடு நாங்கள் இருவரும் பின்னால்.

கல்லங்குறிச்சியில் கோயிலுக்குப் போகிற வழியில் நீர்மோர் பந்தல் போட்டிருந்தார்கள். வண்டி நின்றதும் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் பொட்டிங்களா? மோரு சூடேறிப் போச்சு. ரெண்டு கட்டி கெடைக்குமா?"

பஷீரின் கை மூடிக்குப் போனது. நான் மூடி மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

"பொட்டிக்குள்ள..."

"இல்லைங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். "அண்ணே, மோர்ப் பந்தலுக்குக்கூடவா?" என்றார் பஷீர்.

"மோர்ப் பந்தல் நல்லா இருக்கட்டும். அடுத்த ஆளுக்கு நீ சொல்லு."

அடுத்து ஒரு இளநீர்க்காரர் வந்து கேட்டார். பஷீர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் "இல்லைங்கண்ணே... மன்னிச்சுக்கங்க... நாளைக்கு வேணா..." என்றார். நாளைக்கு இவர் எங்கே இருப்பார், இளநீர்க்காரர் எங்கே இருப்பார்? ஆனாலும் 'இல்லை' வந்துவிட்டது. திரும்பி வரும்போது இன்னும் இரண்டு பேரிடம் கொஞ்சம் நன்றாகவே சொன்னார்.

பந்தலில் நடந்ததை எல்லாம் வசந்தா பார்த்துவிட்டாள். கோயிலில் எனக்குத் துளசியோ தீர்த்தமோ வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் தனியாகப் போய்க் கும்பிட்டாள். "மோருக்கு ஐஸ் குடுக்காத மனுஷனோட ஒரே வண்டியில வர மாட்டேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். அவள் போன பஸ்ஸின் கண்டக்டர் எனக்குப் பழக்கமானவர். அவரிடம் என்ன சொன்னாளோ, இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பதில்லை.

ஆனால் பெட்டி? மறுநாள் திறந்தோம். பாறை மாதிரி நின்றது ஐஸ். பஷீர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நசீமா கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பஷீர் விமானம் ஏறினார். அந்த வார இறுதியில் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நசீமா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அப்புறம் ஒரு சாயங்காலம் பஷீர் எனக்கே நேராகக் கூப்பிட்டார்.

"அண்ணே."

"ஐஸு நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே."

"அப்பறம் என்ன? குரல் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னார். நங்கூரம் போட்டு நின்ற இடத்துக்கு ஒரு மீன்பிடி லாஞ்ச் வந்து ஒட்டியிருக்கிறது. அதிலிருந்தவர் ஒரு பாத்திரத்தை நீட்டி ஐஸ் கேட்டிருக்கிறார். பஷீர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, "மாஃபீ" என்று சொல்லியிருக்கிறார். அரபியில் 'இல்லை' என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்தபடி, முகத்தைக்கூட மாற்றாமல்.

முதலாளி மேல் தளத்தில் இருந்து கேட்டுவிட்டார். அவர் கையில் இருந்த டம்ளரில் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்தார். அவர் போட்ட சத்தத்துக்கு ஜெனரேட்டரே தேவலாமாம். என் படகில் நின்றுகொண்டு, தாகம் என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்கிறாயா? விருந்தாளிகள் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாயே? கரைக்குப் போனதும் உன் சாமானைக் கட்டு.

"கட்டிட்டியா?" என்றேன். நான் செய்த நல்ல காரியம்!

"இல்லண்ணே, கேளுங்க. பொட்டியைத் தொறன்னாரு. தொறந்தேன். பாதிக்கு மேல அப்படியே இருக்கு. வாரிக் குடுன்னாரு. அந்தப் பாத்திரம் பத்தல, வாளியில குடுத்தேன். அந்த லாஞ்சுக்காரங்க கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போறாங்க. அப்படிக் குடுத்தும் கரை வர்ற வரைக்கும் ஐஸு இருந்துச்சுண்ணே. கடைசி ஜூஸுக்கும் போட்டேன். மேனேஜரு முதலாளிக்கிட்ட போயி, 'மொத தடவையா ஐஸ் மிச்சம் வந்திருக்கு, இவனை அனுப்பாதீங்க'ன்னு பேசினாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்க. கடைசியில, இருக்கட்டும்னுட்டாரு."

"அப்போ வேலை இருக்கு?"

"இருக்குண்ணே."

நான் பக்கத்து வீட்டைப் பார்த்து, "நசீமா! வேலை இருக்காம்!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"ஆனா ஒண்ணுண்ணே" என்றார் பஷீர். "முதலாளி சொல்றாரு, யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதாம். மேனேஜர் சொல்றாரு, கரை வர்ற வரைக்கும் ஐஸு தீரக் கூடாதாம். நான் எத செய்யறது?"

"பெட்டியைப் பெருசா வாங்கச் சொல்லுப்பா."

"சொன்னேண்ணே. பெட்டி பெருசானா கேக்கறவங்களும் பெருகிடுவாங்கன்னு சொல்றாரு மேனேஜரு. இப்ப என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்கண்ணே. ஹலோ? அண்ணே?"

"சரியாக் கேக்கலப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நன்றாகவே கேட்டது.